கங்காணியும் கண்காணியும்



அண்மையில் போனக்காட்டுக்குச் சென்றிருந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். விதுராவைக் கடந்தபின் காடு தொடங்கிவிடுகிறது. அகஸ்தியர்கூடத்தின் 1,868 மீட்டர் உயரச் சிகரத்துக்கு நடந்து ஏறுகிறவர்கள் இங்கிருந்தே புறப்படுகிறார்கள். வேறு சிலர், இங்குள்ள பழைய துரை பங்களாவில் பேய் உலவுகிறது என்ற கதையைக் கேட்டு, கைப்பேசியும் கையுமாக வந்து இறங்குகிறார்கள். இல்லாத பேயைப் பார்க்க வருகிறவர்கள், அதே மலையில் லயங்களில் உயிரோடு குடியிருக்கும் மனிதரைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. தேயிலைத் தொழில் நொடித்து, தொழிற்சாலையின் இயந்திரங்கள் ஓய்ந்து வருடங்கள் பல ஆயின. நிலுவைச் சம்பளத்துக்காகவும் பணிக்கொடைக்காகவும் நெடுங்காலம் காத்திருந்த குடும்பங்கள் இவை. பிள்ளைகள் நகரத்துக்கு இறங்கிவிட்டார்கள். கடையிலும் கிடங்கிலும் மருத்துவமனையிலும் குடியிருப்பு வாசலிலும் வேலை செய்கிறார்கள். நம்முடைய சபைகளில் ஞாயிறுதோறும் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் பலர் இப்படிப்பட்ட மலைகளிலிருந்து வந்தவர்களே.

அப்படிப்பட்ட ஒரு வாலிபனின் தாயாரைப் பார்க்கவே நான் சென்றேன். பெயர் வேண்டாம். நகரத்தில் ஒரு பெரிய கிடங்கில் அவன் காவல்பணி செய்துவந்தான். ஒரு நாள் விலையுயர்ந்த பொருள் இருந்த ஒரு பெட்டி கணக்கில் வரவில்லை. அன்று பணியிலிருந்த மூன்று பேரையும் மேலாளர் தமது அறைக்கு அழைத்து விசாரித்தார். ஒருவர் உரத்த குரலில் சத்தியம் செய்தார். இன்னொருவர் நேரங்களைச் சொல்லி, கண்காணிப்புக் கேமராவைப் பார்க்கும்படி கேட்டார். நம்முடைய வாலிபனோ கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, தரையைப் பார்த்தபடி நின்றான். நீ எடுத்தாயா என்று கேட்டபோது மிக மெல்லிய குரலில் "இல்ல சார்" என்றான். இரண்டாம் முறை கேட்டபோது அதுவும் வரவில்லை. அன்று மாலையே அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

செய்தி கிடைத்ததும் நான் செய்த முதற்காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அவனைத் தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொண்டேன். "குற்றமற்றவன் தலையை நிமிர்த்திப் பேசவேண்டாமா? வாயைத் திறந்து சொல்லியிருந்தால் யார் உன்னை என்ன செய்திருக்க முடியும்?" என்று கேட்டேன். வேதாகமக் கல்லூரியில் பிரசங்கக் கலையைப் படித்தவன் நான். சபையாரின் கண்களைப் பார்த்துப் பேசவேண்டும், கைகளைக் கட்டக்கூடாது, குரலை எங்கே உயர்த்தவேண்டும், எங்கே தாழ்த்தவேண்டும் என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்பாடு நானும் வாலிபர் முகாம்களில் அதையே சொல்லிக்கொடுத்தேன். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம். மறுமுனையில் அவன் "சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னான். அந்த "சரி"யும் அவன் மேலாளருக்குக் கொடுத்த மௌனமும் ஒன்றே என்பது அப்பொழுது எனக்கு விளங்கவில்லை.

விளங்கவைத்தவர் அவனுடைய தாயார். அவர் பிறந்து வளர்ந்ததும், முதன்முதலாகக் கூடை சுமந்ததும் வேறொரு மலையில். திருமணமாகி இந்தப் பக்கம் வந்தவர். லயத்தின் திண்ணையில் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, தாம் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றுகொண்டே பேசினார். "பாஸ்டர் ஐயா, சின்னப் பிள்ளையிலயிருந்து அவனுக்கு நாங்கதானே சொல்லிக் கொடுத்தோம். பெரியவங்க பேசும்போது கண்ணைப் பார்க்காதே, கையைக் கட்டு, எதிர்த்துச் சொல்லாதேன்னு. எங்க காலத்துல கங்காணி ஏசும்போது நிமிர்ந்து பார்த்தா, என்னடி முறைக்கிறன்னு கேட்பாங்க. அன்னைக்குச் சம்பளம் பாதிதான். அவன் மரியாதையா நின்னிருக்கான், அவ்வளவுதான்" என்றார்.

மரியாதையாக நின்றிருக்கிறான். மேலாளர் அதைக் குற்றமாக வாசித்திருக்கிறார். நான் அதைக் கோழைத்தனமாக வாசித்தேன். ஓர் உடலின் நிலைக்கு மூவர் மூன்று பொருள் கொண்டோம். அவனுடைய பொருளைத் தவிர மற்ற இரண்டுக்கும் அதிகாரம் இருந்தது.

தேயிலைத் தோட்டம் என்பது வாய்ப்பேச்சைக் காட்டிலும் சைகையால் நடந்த வேலைத்தலம். விடியுமுன் சங்கு ஊதும். அதுவே முதற்கட்டளை. பிறகு வேலைக்காரர் கூடி நிற்கும் மஸ்டர். பழைய தலைமுறையினர் அந்த இடத்தைப் பெரட்டுக்களம் என்பார்கள். அங்கே யார் எந்த மலைக்குப் போகவேண்டும் என்பதைக் கங்காணி ஒரு கைவீச்சில் காட்டிவிடுவார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற கணக்கைக் கண்ணைவிட விரல்களே அறியும். தொழிற்சாலைக்குள் இலையை உருட்டும் இயந்திரங்களின் இரைச்சலில் பேச்சு எடுபடாது, கைஜாடைதான். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாருடைய கண்ணும் தராசின் முள்ளின்மேல் இருக்கும். ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது என்பதைக் கணக்கெழுதுகிறவர் வாயால் சொல்வதில்லை, பென்சிலால் சொல்வார். அந்தப் பென்சில் அசைவதைப் பார்த்தே அன்றைய கூலியைப் பெண்கள் அறிந்துகொண்டார்கள் என்று அந்தத் தாயார் சொன்னார். கேட்கலாமே என்றேன். சிரித்தார்.

இந்தப் பழக்கம் ஒரு நாளில் உண்டானதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில், தோட்டத்துக்குப் புதிதாக வரும் ஆங்கிலேய இளைஞர்களுக்கென்று ஒரு சிறு தமிழ்க் கையேடு அச்சிடப்பட்டது. சின்னத்துரையின் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளத்தக்க வழிகாட்டி அது. ஃபெர்குசன் என்பவர் வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் என்ன தெரியுமா? "இங்கே வா". தமிழ் மொழியின் வாசலில் அவர்கள் முதலாவது கற்றுக்கொண்டது ஓர் ஏவல். நம்முடைய மொழியில் "வாருங்கள்" உண்டு, "வாங்க" உண்டு, "வாம்மா" உண்டு. துரையின் சட்டைப்பைக்குள் சென்றதோ "வா" மாத்திரமே. 1915இல் வெல்ஸ் என்பவர் கொழும்பில் வெளியிட்ட இன்னொரு கையேட்டின் தலைப்பிலேயே "கூலித் தமிழ்" என்று இருந்தது. ஒரு மொழியை அதன் சொந்தக்காரரை ஏவுவதற்காகவே கற்றால், அவர்களிடமிருந்து பதில் கேட்பதற்கான சொற்கள் அதில் இடம்பெறுவதில்லை. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிசெய்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், 2007இல் "எரியும் பனிக்காடு" என்ற பெயரில் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பாகத் தமிழில் வந்தது. துரைக்கு முன்பாகத் தொழிலாளி எப்படி நிற்கவேண்டியிருந்தது என்பதை அறிய விரும்புகிறவர்கள் அதை வாசிக்கலாம். எளிதான வாசிப்பு அல்ல.

மலையிலிருந்து இறங்கும் நம்முடைய ஜனங்களுக்குக் கேரளத்தில் இன்னுமொரு சிக்கல் உண்டு. இரண்டு மொழிகளும் உடன்பிறந்தவை. ஆகவே புரிந்துவிட்டது என்று இருதரப்பாரும் எளிதில் நம்பிவிடுகிறார்கள். தமிழில் வெள்ளம் என்றால் ஊர் மூழ்கும். மலையாளத்தில் அது குடிக்கும் தண்ணீர். கட்டட வேலைக்குப் புதிதாக வந்தவனிடம் மேஸ்திரி "வெள்ளம்" என்று கேட்டால் அவன் திகைக்கிறான். இது சிரிப்புக்குரியது. ஆனால் "பனி" சிரிப்புக்குரியதல்ல. மலையாளத்தில் அதற்குக் காய்ச்சல் என்று பொருள். "ராத்திரியெல்லாம் ஒரே பனி, உடம்பு வலிக்குது" என்று நம்முடைய தாயார் ஒருவர் சொன்னால், அது லயத்தின் கூரைமேல் இறங்கிய பனியா, உடம்பில் ஏறிய காய்ச்சலா? மருத்துவர் கேட்டுத் தெளிந்தாலன்றி மருந்து மாறிப்போகும். அழைக்கும் சொல்லும் அப்படித்தான். "அண்ணாச்சி" என்று ஒரு மலையாளி அழைப்பதில் அன்பும் இருக்கலாம், ஏளனமும் இருக்கலாம். எழுத்தில் இரண்டும் ஒன்றே. குரலிலும் முகத்திலுமே வேறுபாடு தெரியும். "பாண்டி" என்று அழைப்பதில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

நகரத்து நிறுவனங்களில் இப்பொழுது இதற்கென்றே பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள். நம்முடைய வாலிபரில் பலர் அவற்றில் அமர்ந்திருப்பார்கள். அங்கே திரையில் ஒரு கணக்குக் காட்டப்படும்: நாம் தெரிவிப்பதில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரலின் பங்கு 38, முகத்தின் பங்கு 55. இந்தக் கணக்கை நானும் ஒரு முகாமில் சொல்லியிருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். ஆல்பர்ட் மெராபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து பிறந்தது இது. ஆனால் அவர் ஆராய்ந்தது, ஒருவர் மற்றவரை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்ற உணர்வைப் பற்றி மாத்திரமே. சொல் ஒன்றாகவும் முகம் வேறாகவும் இருக்கும்போது கேட்பவர் எதை நம்புகிறார் என்பதே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே விளக்கியிருக்கிறார். பொருந்துமானால், மொழி தெரியாத ஊரில் 93 சதவீதம் புரிந்துகொண்டு நாம் சுகமாய் வாழலாமே! அந்தக் கிடங்கில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல அவனுக்கு முகம் போதாது. சொற்கள் வேண்டியிருந்தன. அதேவேளையில் சொற்கள் வெளிவருவதற்கு, அவை வரலாம் என்று எதிரே இருந்த முகம் காட்டவேண்டியிருந்தது.

மூணாற்றை இங்கே நினைவுகூருகிறேன். 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து அமர்ந்தார்கள். போனஸ் குறைக்கப்பட்டது உடனடிக் காரணம். 20 சதவீதம் கேட்டார்கள். அன்றைக்கு 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ஆக்கவேண்டும் என்றும் கேட்டார்கள். "பெண்கள் ஒற்றுமை" என்ற பொருளில் "பொம்பிளை ஒருமை" என்று அவர்களுக்குப் பெயர் உண்டாயிற்று. என்னை நிறுத்திச் சிந்திக்கவைத்தது போனஸ் கணக்கல்ல. அதுவரை அவர்களுக்காகப் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் அருகே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்காக மூடிய அறையில் நீங்கள் பேசியது போதும், நாங்களே பேசுகிறோம் என்பதே அதன் பொருள். தலைகுனிந்து கொழுந்து கிள்ளிய பெண்கள், தங்கள் தமிழிலேயே, தொலைக்காட்சி ஒலிவாங்கிகளுக்கு முன்பாகக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசினார்கள். ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கை நிறைவேறியது. பிறகு நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. அந்த ஒற்றுமையும் பிற்பாடு பிளவுபட்டது. ஆனாலும் அந்தப் பெண்கள் ஊமைகளல்லர், அவர்களைக் கேட்க ஆளில்லாமல் இருந்தது என்பதை அந்த ஒன்பது நாட்கள் எல்லாருக்கும் காட்டின.

நிற்பதும் உட்காருவதும் ஒரு பேச்சு என்பதை நம்முடைய சட்டமன்றங்களே ஒத்துக்கொள்ளவேண்டிய காலம் வந்தது. துணிக்கடைகளில் வேலைசெய்யும் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பதை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம். வாடிக்கையாளர் யாரும் இல்லாத வேளையிலும் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் கடைக்கு மரியாதை இல்லையாம். கால் வீங்கினவர்கள் உண்டு. கழிவறைக்குப் போக நேரமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர்கள் உண்டு. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி என்ற பெண்மணி, "பெண்கூட்டு" என்ற அமைப்பின் மூலமாக இதற்காகப் போராடினார். 2018இல் கேரள அரசு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்களுக்கான சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்றது. 2021இல் தமிழ்நாடும் அவ்வாறே செய்தது. ஒரு நாற்காலிக்கு ஒரு சட்டம்! கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், பிரியமானவர்களே. நம்முடைய வீட்டுக்கு வேலைக்கு வரும் சகோதரி உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்களா, நின்றுகொண்டா?

ரூத்தின் புஸ்தகத்தை நாம் மாமியார் மருமகள் அன்புக்காகவும் திருமண ஆராதனைகளுக்காகவும் வாசிக்கிறோம். அதன் இரண்டாம் அதிகாரத்தை ஒரு வேலைத்தலமாக வாசித்துப் பாருங்கள். போவாஸ் பெத்லகேமிலிருந்து தன் வயலுக்கு வருகிறான். வந்தவுடன் எத்தனை கட்டு ஆயிற்று என்று கேட்கவில்லை. அறுக்கிறவர்களை ஆசீர்வதித்து வாழ்த்துகிறான். அவர்களும் அவனைத் திரும்ப வாழ்த்துகிறார்கள். எஜமான் பேசினால் வேலைக்காரர் மறுமொழி பேசலாம் என்ற வழக்கம் அந்த வயலில் முன்னமே இருந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அப்படி ஒருமித்து வாயெடுத்திருக்க மாட்டார்கள். அந்நியதேசத்துப் பெண் ஒருத்தி பின்னால் பொறுக்குகிறாள். அவளை யார் என்று கண்காணியிடம் விசாரித்து அறிந்தபின், அவளிடமே நேரடியாகப் பேசுகிறான். சாப்பாட்டு வேளையில் அவளை அழைக்கிறான். அவள் அறுக்கிறவர்களின் அருகே உட்காருகிறாள். வறுத்த கோதுமையை அவளுக்குக் கொடுக்கிறான்.

அதற்குப்பின் அவன் செய்ததே என்னை அதிகமாய்த் தொட்டது. அவளுக்காக அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடும்படியும், அவளை அதட்டாதிருக்கும்படியும் தன் வேலைக்காரருக்குச் சொல்லிவைக்கிறான். அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பிச்சையாகியிருக்கும். சொல்லாமல் விட்டதினால் அது அவளுடைய உழைப்பின் பலனாகவே அவள் கைக்குச் சென்றது. எங்கே பேசவேண்டும், எங்கே பேசாமல் கையால் மாத்திரம் செய்யவேண்டும் என்பதை அறிந்திருந்த ஓர் எஜமான்.

அந்த அதிகாரத்தில் வரும் "கண்காணி" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? தோட்டத்துக் கங்காணியும் அதே சொல்தான். கண்ணால் காண்கிறவன். சபையின் மேய்ப்பனுக்குரிய தகுதிகளைப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும் நம்முடைய தமிழ் வேதாகமம் அதே சொல்லையே வழங்குகிறது. முப்பது வருடமாக இந்தச் சொல்லின்மேல் பிரசங்கித்து வந்தேன். போனக்காட்டுத் திண்ணையில், நான் நாற்காலியிலும் அந்தத் தாயார் நிலைப்படியிலுமாக இருந்தபோதுதான், அவர்கள் வாழ்வில் அந்தச் சொல் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். "அம்மா, நீங்களும் உட்காருங்கள்" என்றேன். பலமுறை சொன்னபின் திண்ணையின் ஓரத்தில், எழுந்துகொள்ள ஆயத்தமாக அமர்ந்தார்கள்.

ஊருக்குத் திரும்பியபின் அந்த வாலிபனை அழைத்து, இம்முறை கடிந்துகொள்ளாமல், நடந்ததைச் சொல்லச் சொன்னேன். சொல்லிமுடிக்க ஒரு மணி நேரமாயிற்று. இடையில் பேசாமலிருப்பது என்னைப்போன்ற பிரசங்கிக்கு எளிதல்ல. பிறகு இருவரும் நெகேமியாவை எடுத்துக்கொண்டோம். அவனும் ஒரு பணியாளனே. ராஜாவுக்குத் திராட்சரசம் கொடுக்கிறவன். துக்கமுகத்தோடு அவன் அதுவரை ராஜாவுக்கு முன்பாக நின்றதில்லை. அன்று அர்தசஷ்டா அவன் முகத்தைக் கவனித்துக் கேட்கிறான். நெகேமியா மிகவும் பயப்படுகிறான். அதை அவன் மறைத்து எழுதவில்லை. பயந்துகொண்டே பேசுகிறான். என்ன துக்கம் என்பதைச் சொல்லுகிறான், என்ன வேண்டும் என்பதைச் சொல்லுகிறான், எத்தனை காலம் என்று கேட்டபோது அதையும் குறிப்பிடுகிறான், வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுகிறான். பயம் நீங்கினபின் பேசலாம் என்று காத்திருந்தால் எருசலேமின் அலங்கம் எழும்பியிருக்காது.

அதே முறையில் அவன் சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதினோம். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை அவன் பணியில் இருந்தான், எந்த வாசலில், சாவி யாரிடம் இருந்தது. பிறகு அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகினான். கண்ணை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் இரண்டு புருவங்களுக்கும் நடுவே பார் என்றேன். எதிரே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தலையை எல்லாவற்றுக்கும் ஆட்டாதே என்றும் சொன்னேன். நம்முடைய தலையாட்டலில் ஆம் உண்டு, இல்லை உண்டு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதும் உண்டு. கேட்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். கைப்பேசியில் அனுப்பும் கட்டைவிரல் படமும் அப்படியே. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு விவசாயிக்கு ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார்கள். அவர் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்தும் படத்தை அனுப்பினார். கிடைத்தது என்று தெரிவிக்கவே அனுப்பினேன் என்பது அவருடைய வாதம். சம்மதம் என்றே பொருள் என்று 2023இல் நீதிமன்றம் தீர்த்தது. 82,000 கனடிய டாலருக்கு மேல் செலுத்தும்படி ஆயிற்று. இரவு பத்து மணிக்கு மேற்பார்வையாளர் குழுவில் போடும் செய்திக்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு உறங்கச்செல்லும் தம்பிமார், தங்கைமார் கவனிக்கவும்.

அவனும் நானும் மேலாளரைச் சந்திக்கச் சென்றோம். கடுமையான மனிதரை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு ஏமாற்றம். பண்பான மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்தான், முழங்காலின்மேல் அந்தத் தாள். நான் பேசத் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் பேசியபின், அவனுக்காகப் பேச அழைத்துவரப்பட்ட இன்னொரு தலைவனாக நான் அங்கே அமர்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது. நிறுத்திக்கொண்டேன். சற்று நேரம் அறையில் ஓசையில்லை. பிறகு அவன் சொன்னான். குரல் நடுங்கிற்று. ஆனாலும் வரிசையாய், நேரத்தோடு, எல்லாவற்றையும் சொன்னான்.

மேலாளர் கேட்டுவிட்டு, அந்தப் பெட்டி நான்கு நாள் கழித்து வேறொரு அடுக்கில் கிடைத்துவிட்டது என்றார். காவல்பணியாளர்களை அனுப்பும் ஒப்பந்தக்காரரிடம் சொல்லியிருந்தாராம். ஒப்பந்தக்காரர் இவனிடம் சொல்லவில்லை. "அன்றைக்கு நீ என் முகத்தை ஒருமுறை பார்த்திருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது" என்றார். அவன் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் தவறாக வாசித்தீர்கள் என்று சொல்ல என் நாவு துடித்தது. அதற்குள் அவனே பேசினான். "எங்க ஊர்ல பெரியவங்க முகத்தைப் பார்க்கமாட்டோம் சார். அது மரியாதை." மேலாளர் அவனைப் பார்த்தபடி இருந்தார். வேண்டுமானால் திங்கட்கிழமையே வேலைக்கு வரலாம் என்றார்.

அவன் வேலையைக் கேட்கவில்லை. "அன்னைக்கு என் பேருக்கு நேரா பதிவேட்டுல என்ன எழுதியிருக்கீங்கன்னு நான் பார்க்கலாமா சார்?" என்று கேட்டான். தாளில் நாங்கள் எழுதியிராத கேள்வி அது. பதிவேடு வந்தது. "சந்தேகத்தின்பேரில் நீக்கம்" என்றிருந்தது. மேலாளர் அந்த வரியைத் தம் கையால் அடித்து, பொருள் கிடைத்துவிட்டது, இவர்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டு, தேதியும் இட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. பதிவேட்டை மூடிவிட்டு எழுந்து, வாசல்வரை எங்களோடு நடந்து வந்தார். சொல்லாத அந்தச் சொல்லுக்கு இதை ஈடாக வைத்துக்கொள்ளலாமா என்று நான் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். அவனிடம் கேட்டேன். "கையெழுத்து போட்டாரே ஐயா" என்றான்.

இப்பொழுது அவன் வேறோர் இடத்தில், ஒரு குடியிருப்பின் வாசலில் பணிசெய்கிறான். சென்ற வாரம் அந்த வழியாகச் சென்றபோது இறங்கினேன். காவலர் அறையில் நல்ல நாற்காலி ஒன்று இருந்தது. உள்ளே வந்த காரின் ஓட்டுநரிடம் நிமிர்ந்து, தெளிவாக, பெயரும் வீட்டு எண்ணும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து கைகளைக் கட்டினான். கண்கள் என் காலணியில் இருந்தன.

"உட்கார் தம்பி" என்றேன்.

"பரவாயில்லைங்கய்யா, நீங்க உட்காருங்க" என்றான்.

இருந்தது ஒரே நாற்காலி. நாங்கள் இருவரும் நின்றுகொண்டே பேசினோம்.